கோர்ஸ் இலவசம், பஸ்?

அன்பின் ஐயா,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். என்னிடம் படித்த பையன் ஒருவன் ஓ.எல். முடித்து, ஹட்டனில் எலெக்ட்ரீஷியன் கோர்ஸில் சேர்ந்தான். மூன்றாம் மாதம் நின்றுவிட்டான். இரண்டு வருசமாக வத்தளையில் ஒரு வயரிங் பாஸுக்கு உதவியாளாக இருக்கிறான். நம் பிள்ளைகளுக்கு மன உறுதி போதாது என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வோம். அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரிகள் என்று இரண்டு வருடப் படிப்புக் கல்லூரிகள் இருக்கின்றனவாம், அவை மாணவர்களின் மனநலத்தையும் பார்த்து, வேலைக்கும் வழிகாட்டுகின்றனவாம். அப்படி ஒன்று மலையகத்துக்கு வந்தால் சரியாகுமா?

– ம., ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

மன உறுதிப் பேச்சை முதலில் ஒதுக்கி வைப்போம். அந்தப் பையன் காலையில் எத்தனை மணிக்கு லயத்தை விட்டு இறங்கினான் என்று நீங்கள் எழுதவில்லை. ஜூன், ஜூலை மழையில் மேல் டிவிசனிலிருந்து ரோட்டுக்கு வந்து, காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு முதல் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். அரசாங்கத்தின் இ.போ.ச. பஸ் வராத நாளில் சீசன் டிக்கெட் பையில் சும்மா கிடக்கும். தனியார் பஸ்ஸுக்குக் கைக்காசு வேண்டும். அம்மாவுக்கு அந்த வாரம் பாதி நாள் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் என்றால் அதை யாரிடம் கேட்பான்? அரசாங்க நிலையங்களில் பெரும்பாலான கோர்ஸ்களுக்குக் கட்டணம் இல்லை என்று பெருமையாகச் சொல்கிறோம். சரி, பஸ்ஸுக்கு?

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகள் பழையவை. சிக்காகோவுக்குப் பக்கத்தில் ஜோலியட்டில் 1901இல் ஒன்று தொடங்கியது. அங்கேயும் பாதியில் நிற்பவர்கள் ஏராளம், அதனால் கல்லூரி வந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். எனக்குப் பிடித்தது, நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளில் 2007இல் தொடங்கிய ‘ஏசாப்’ திட்டம். பாடப்புத்தகம், பயண அட்டை, அடிக்கடி சந்தித்துப் பேச ஓர் ஆலோசகர். இதில் ஒரு தந்திரம் உண்டு: ஆலோசகரைப் போய்ப் பார்க்காவிட்டால் பயண அட்டை கிடைக்காது. அட்டைக்காகப் போகிறவனிடமிருந்து வீட்டுக் கதையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டபோது, திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் மூன்று வருடத்தில் படிப்பை முடித்தார்கள். மற்றவர்களில் 22 சதவீதம்தான்.

நம் பக்கத்தில் இல்லாதது அந்த ஆலோசகர்தான். 1926 என்று தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது, நல்ல விசயம். ஆனால் மூன்று நாள் வகுப்புக்கு வராத பையன் தானாக அதற்கு அழைக்க மாட்டான், யாராவது அவனுக்கு அழைக்க வேண்டும். போதனாசிரியர் சிங்களம் மட்டும் பேசுகிறவர் என்றாலும் நல்லவராகவே இருக்கலாம். சிங்களத்தில் வயரிங் சந்தேகம் கேட்டுவிடுவான். வாசலில் கடன்காரன் வந்து நிற்கிற கதையை எந்தப் பாஷையில் சொல்வான்? புதுக் கட்டடம் கேட்டால் அடிக்கல் நாட்ட ஓடி வருவார்கள். தமிழ் பேசும் ஓர் உத்தியோகத்தரைக் கேட்டுப் பாருங்கள், ‘பார்க்கலாம்’ என்பார்கள். நான் அந்த உத்தியோகத்தரைத்தான் கேட்பேன். அப்புறம் ஹட்டனில் பிள்ளைகள் தங்கிப் படிக்க மலிவான போடிங்.

இனி உங்கள் பையன். அவன் முதலாம் நாளிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டியதில்லை. வேலை செய்தே தொழில் கற்றவர்களுக்கு, அந்த அனுபவத்தைப் பரிசோதித்து என்.வீ.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் வழி இருக்கிறது. அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைட்டா அதைச் செய்கிறது. மதிப்பீட்டாளர் கேள்வி கேட்பார், வேலையைச் செய்து காட்டச் சொல்வார். வத்தளையில் இரண்டு வருடம் சுவரில் குழாய் பதித்தவனுக்கு அது பெரிய விசயமில்லை. அந்தச் சான்றிதழில் நாலாம் நிலை கையில் இருந்தால் ஐந்து, ஆறு என்று டிப்ளோமாவுக்குப் போகலாம், ஏழாம் நிலை பட்டம்.

பாஸிடம் சேவைக் கடிதம் ஒன்றை இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள், சண்டை போட்டுக்கொண்டு விலகினால் கிடைக்காது. பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒரே மாதிரி எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். தோட்டத்துப் பெயர்களை ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருப்பார்கள், அதைத் திருத்தத்தான் மாதக்கணக்கில் இழுக்கும்.