படுத்து எழுந்ததும் அப்பத்தாவுக்குத் தலைசுற்றல்

தம்பி, காரைக்குடி வீட்டில் பட்டாசாலைத் தரையில் படுத்து எழும்போது அப்பத்தாவுக்குக் கண் இருட்டுகிறது, டாக்டரிடம் பார்த்தால் பிரஷர் சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அங்கே உட்காரவைத்துத்தானே பார்த்திருப்பார்கள்? எழுந்து நின்றால் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். இளவயதில் ரத்தக்குழாய் சுருங்கி, துடிப்பு கூடி, உடனே ஈடுகட்டும். வயதானால் அது மந்தமாகி, நின்றதும் பிரஷர் இறங்கிக் கண் இருட்டும். பிரஷர் மாத்திரையும் ஒரு காரணமாகலாம்.

வீட்டு மெஷினில் 5 நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து 1, 3 நிமிடங்களில் பாருங்கள். பக்கத்தில் ஆள் பிடித்துக்கொள்ளட்டும். படுத்தபோது இருந்ததைவிட நிற்கும்போது மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் குறித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எங்கள் ஆயா முற்றத்தில் அப்படித்தான் விழுந்தார். அப்புறம் உட்கார்ந்து, காலை நீட்டி மடக்கி, தூணைப் பிடித்துத்தான் எழுவார்.