கோத்தகிரியிலேயே ப்ராஜெக்ட் செய்யலாம்

கோத்தகிரிப் பக்கம் தொழிற்சாலையே இல்லை, உற்பத்தித் துறை ப்ராஜெக்டுக்குத் திருப்பூர்தான் போக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். உங்களைச் சுற்றித் தேயிலை ஃபாக்டரிகள் இருக்கின்றன. "அது விவசாயம்தானே" என்று ஆசிரியர் சொன்னாராம்; அதுதான் எனக்கு ஆதங்கம். இலை பறிப்பது விவசாயம், அப்புறம் நடப்பதெல்லாம் உற்பத்தி. வருமான வரி விதியே, தேயிலையைத் தானே வளர்த்துத் தானே தூளாக்கி விற்பவரின் வருமானத்தில் 60 சதவீதத்தை விவசாயமாகவும் 40 சதவீதத்தைத் தொழிலாகவும் பிரிக்கிறது. இதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

உள்ளே போனால் வாட்டும் தொட்டியில் கிடக்கும் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரவெல்லாம் காற்று வாங்கிய இலை ஒடியாது, துணிபோல் மடியும். பிறகு பல் வெட்டிய இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று அதை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும். கொஞ்ச நேரத்தில் பச்சை செம்பு நிறமாகும். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். அந்த இலையின் விலைக்கும் குன்னூர் தேயிலை ஏல விலைக்கும் நடுவில் மின்சாரம், விறகு, கூலி, மூட்டை, லாரி என்று யார் யாருக்குப் பணம் போகிறது என்று கேட்டு எழுதுங்கள். பொருளாதாரத்தில் தொழிலின் பங்கு என்பது அந்தக் கணக்குதான்.

முதலில், கூட்டுறவுத் தேயிலை ஃபாக்டரிகளின் இணையமான இன்கோசர்வைச் சேர்ந்த ஃபாக்டரி ஒன்றில் கேளுங்கள், அங்கே சிறு விவசாயிகளே உறுப்பினர்கள். ஊட்டி ஃபிலிம் தொழிற்சாலைக்கு ஒரு பத்தி போதும்: 1960இல் நிறுவப்பட்டது, ஏற்கனவே நட்டத்தில் இருந்ததை டிஜிட்டல் கேமரா வந்து அடியோடு சாய்த்தது. அருவங்காடு வெடிமருந்து ஆலையைச் சுற்றிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், அது பாதுகாப்புத் துறை இடம்.