புதிதாக வந்தவருக்கு மட்டும் ஏன் இத்தனை நிபந்தனை?

கேள்வி: இஸ்லாத்தை ஏற்று நான்கு மாதமான ஒரு சகோதரருக்கு என் தங்கையை நிக்காஹ் செய்துதர வாப்பா சம்மதித்துவிட்டார். தங்கைக்கும் விருப்பம்தான். ஆனால் ஜமாஅத் நிர்வாகமோ ஒரு வருடம் முடிய வேண்டும், கத்னா (விருத்தசேதனம்) செய்ததற்கு மருத்துவச் சான்று வேண்டும், அரபிப் பெயர் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிக்காஹ் பதிவேடு தர மாட்டோம் என்கிறது. இது மார்க்கச் சட்டமா?

பதில்: இல்லை. இவற்றில் ஒன்றுகூட நிக்காஹ் செல்லுபடியாவதற்கான நிபந்தனை அல்ல. பெண்ணின் சம்மதம், வலி (பெண்ணின் பொறுப்பாளர்), இரண்டு சாட்சிகள், ஈஜாப் கபூல் (திருமண ஒப்பந்தச் சொற்கள்), மஹர் (மணக்கொடை) இருந்தால் போதும். மாப்பிள்ளை முஸ்லிமாக இருக்க வேண்டும், சரி. கலிமா (இஸ்லாத்தை ஏற்கும் உறுதிமொழி) சொன்ன அன்றே அவர் முஸ்லிம்தானே?

அபூதல்ஹா (ரலி) இஸ்லாத்துக்கு வருவதற்கு முன்பே உம்மு சுலைம் (ரலி) அவர்களைப் பெண் கேட்டார். “நீங்கள் இஸ்லாத்தை ஏற்றால் அதுவே என் மஹர், வேறெதுவும் கேட்க மாட்டேன்” என்றார் அந்தப் பெண்மணி (நஸாயீ ஹதீஸ் நூல்). அவர் ஏற்றார், திருமணம் நடந்தது. ஒரு வருடம் தொழுது காட்டு என்று யாரும் அவரை நிறுத்தி வைக்கவில்லை. பிறகு உஹத் போரில் நபி (ஸல்) அவர்களுக்குக் கேடயமாக நின்றவர் அவர்.

கத்னா ஷாஃபிஈ மத்ஹபில் (சட்டப் பிரிவில்) கடமை, ஹனஃபியில் சுன்னத், அதாவது நபிவழி. கடமை என்ற இமாம்களும் அது இல்லாவிட்டால் நிக்காஹ் கூடாது என்று சொல்லவில்லை. ஒரு மனிதரின் மறைவிடம் பற்றிய காகிதத்தை நிர்வாகிகள் மேசையில் வைத்துக் கைமாற்றிப் படிக்கிறார்களே, வெட்கம் ஈமானின் (இறைநம்பிக்கையின்) ஒரு கிளை என்று பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் நாம் இதைச் செய்யலாமா? பெயர் விஷயமும் அப்படித்தான். தவறான பொருளுள்ள பெயர்களை நபியவர்கள் மாற்றினார்கள். உமர், ஹம்ஸா, காலித் எல்லாம் இஸ்லாத்துக்கு முன்பிருந்த பெயர்களே.

கல்யாணத்துக்காகவே கலிமா சொல்லிவிட்டுப் பிறகு கைவிட்டுப் போவார்கள் என்ற பயம் நிர்வாகத்துக்கு இருக்கலாம். அது பொய்யான பயமும் அல்ல. அப்படியானால் விசாரியுங்கள். ஏற்கெனவே மனைவி உண்டா, கடன் உண்டா, குணம் எப்படி என்று எந்த மாப்பிள்ளையைப் பற்றியும் விசாரிக்கத்தான் வேண்டும். ஹிஜ்ரத் செய்து (மார்க்கத்துக்காக ஊரைத் துறந்து) வந்த பெண்களைச் சோதித்துப் பார்க்கச் சொல்லும் குர்ஆனின் 60:10 வசனம், அவர்கள் ஈமான் கொண்டவர்கள் என்று தெரிந்துவிட்டால் மஹர் கொடுத்து மணப்பதில் குற்றமில்லை என்றும் சொல்கிறது. அப்படி வருபவர் பெண்ணாக இருந்து, முன்பே திருமணமானவர் என்றால் இத்தா காலம் (மறுமணத்துக்கு முன் காத்திருக்கும் காலம்) காக்க வேண்டும். அது ஷரீஅத் வைத்த காத்திருப்பு, நாம் கண்டுபிடித்தது அல்ல.

“அல்லாஹ்வின் வேதத்தில் இல்லாத நிபந்தனை, நூறு நிபந்தனையாக இருந்தாலும் செல்லாது” என்பது அடிமைப் பெண் பரீரா (ரலி) விடுதலையான விஷயத்தில் நபியவர்கள் சொன்னது (புகாரி). பரம்பரை முஸ்லிம் மாப்பிள்ளை தொழுகிறாரா என்றுகூடக் கேட்காமல் பதிவேட்டைத் திறப்பவர்கள், நேற்று வந்தவரிடம் மட்டும் சான்றுகளை அடுக்கச் சொல்வது அநியாயம்.

ஓர் ஆலிமை (மார்க்க அறிஞரை) அழைத்துக்கொண்டு நிர்வாகிகளிடம் போய்ப் பேசுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அப்புறமும் மறுத்தால், வாப்பா வலியாக இருந்து இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நிக்காஹ்வை நடத்துங்கள், அது செல்லும். அரசுப் பதிவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், உங்கள் தங்கையின் உரிமைக்கு அது தேவை.