“அது ஆஸ்பத்திரி ஃபைல், தர மாட்டோம்!”

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. இரண்டு வருடம் எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு தனியார் மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். இப்போது பார்க்கிற புது டாக்டர், ஆபரேஷன் நோட்ஸும் பயாப்ஸி ரிப்போர்ட்டும் வேண்டும் என்கிறார். பழைய இடத்துக்கு மூன்று முறை அலைந்துவிட்டேன். “டிஸ்சார்ஜ் சம்மரி கொடுத்தாச்சே, கேஸ் ஷீட்டெல்லாம் ஆஸ்பத்திரி ஃபைல், வெளியே தர மாட்டோம்” என்கிறார்கள். கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: உண்டு. ஆனால் அதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருந்தால் போதும். அதுவும் டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து இல்லை, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து. உங்கள் கையில் இருப்பது நான்கு மாதம்தான்.

நோயாளியோ அவர் சார்பில் வருபவரோ ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. மறுத்தால் அது மருத்துவரின் நடத்தைக் குற்றம். ஃபைல் அவர்களுடையது என்றால் சரி, அசலை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். நமக்கு வேண்டியது நகல். ஜெராக்ஸ் செலவைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

மூன்று முறை போனதாகச் சொல்கிறீர்கள், எழுதிக் கொடுத்ததாகச் சொல்லவில்லையே! வாயால் கேட்டால் கவுன்ட்டரில் இருக்கும் பெண் என்ன செய்வார்? ‘முடியாது’ என்று சொல்லிவிடுவதுதான் அவருக்குப் பத்திரம். மருத்துவக் கண்காணிப்பாளர் பெயருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நோயாளி அம்மாதான், அதனால் கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும். ‘என் மகளிடம் கொடுக்கவும்’ என்று ஒரு வரி சேர்த்து, அடையாள அட்டை நகலை இணைத்துவிடுங்கள். ஐ.பி. எண்ணையும் (உள்நோயாளி எண்) எழுதுங்கள், அது டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே இருக்கும்.

‘ஃபைல் வேண்டும்’ என்று மொட்டையாக எழுதினால் மறுபடியும் அந்தச் சம்மரியையே நீட்டுவார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்: அட்மிஷன் குறிப்பு, ஆபரேஷன் நோட்ஸ், மயக்க மருந்துக் குறிப்பு, டாக்டரும் நர்ஸும் தினமும் எழுதியவை, பயாப்ஸி ரிப்போர்ட். கூடவே பயாப்ஸி ஸ்லைடும் (மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கண்ணாடித் தகடு) மெழுகு பிளாக்கும் கேளுங்கள். இது முக்கியம். எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். தீப்பெட்டியைவிடச் சின்னதாக இருக்கும். ரிப்போர்ட் என்பது ஒருவர் பார்த்து எழுதிய கருத்து. பிளாக் இருந்தால் புது டாக்டர் வேறொரு நிபுணரை விட்டு மறுபடி பார்க்கச் சொல்லலாம். வெளி லேபில் பரிசோதித்திருந்தால் அது அங்கேதான் கிடக்கும். எந்த லேப் என்பதையும் கேட்டு வையுங்கள்.

கடிதத்தின் நகலில் தேதியோடு சீல் வாங்காமல் திரும்பாதீர்கள். சீல் போட மறுத்தால் அதே கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். பலருக்கு இந்தக் கட்டத்திலேயே ஃபைல் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. அங்கெல்லாம் முதலில் கேட்பது அந்தச் சீல் போட்ட நகலைத்தான். வக்கீல் நோட்டீஸில் ஆரம்பிக்காதீர்கள். அதே டாக்டரிடம் நாளைக்கு ஒரு சந்தேகம் கேட்க வேண்டி வரலாம்.

(அரசு மருத்துவமனை என்றால் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள்.)

அப்புறம் ஒன்று. என் அப்பாவின் பழைய இ.சி.ஜி.யைப் பீரோவில் பூட்டிப் பொக்கிஷம்போல வைத்திருந்தோம். இதய டாக்டரிடம் எடுத்துப்போய் விரித்தால் வெறும் ரோஸ் கட்டம்தான் இருந்தது, கோடுகள் எல்லாம் மங்கிவிட்டன. வெப்பத்தில் அச்சாகும் தாள், நாளாக ஆக வெளுத்துவிடும். அம்மாவின் ஃபைலில் வழுவழுப்பான தாள் ஏதாவது இருந்தால் இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.