காய்ச்சல் விட்ட பிறகு நாடி ஏன் ஏறுகிறது?

கேள்வி: யாழ். மாவட்டத்தில் ஒரு வைத்தியசாலையின் மருத்துவ விடுதியில் ஆறு மாதங்களாகத் தாதிய உத்தியோகத்தராகப் பணிபுரிகிறேன். மார்கழியில், டெங்குக் காய்ச்சலின் ஐந்தாம் நாளில் இருந்த 34 வயதுடைய ஒருவருக்கு மாலை 6 மணிக்கு நாடி 88, குருதி அமுக்கம் 110/80, சுவாசம் 18 என இருந்தன. இரவு 10 மணிக்கு நாடி 112, அமுக்கம் 100/82, சுவாசம் 22, ஒட்சிசன் 97 சதவீதம். காய்ச்சல் விட்டிருந்தது. "இப்ப நல்ல சுகம், தங்கச்சி" என்று அவரே சொன்னதால் நான் வைத்தியரை அழைக்கவில்லை. நள்ளிரவுக்குப் பின் அவர் அதிர்ச்சி நிலைக்கு (உறுப்புகளுக்குப் போதிய குருதி போய்ச் சேராத நிலைக்கு)ப் போய், அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தே காப்பாற்றப்பட்டார். நான் எதைக் கவனித்திருக்க வேண்டும்?

பதில்: இரவு 10 மணிக்கே வைத்தியரை அழைத்திருக்க வேண்டும். நீங்கள் அளந்து எழுதிய எண்களிலேயே அதற்கான காரணம் இருக்கிறது. அவற்றைச் சேர்த்துப் படிக்கும் பழக்கம்தான் இன்னும் கைவரவில்லை.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் வேளைதான் ஆபத்தான வேளை. அப்போது நுண்ணிய குருதிக் குழாய்களின் சுவர்கள் வழியாகக் குருதியின் நீர்ப்பகுதி நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் கசியத் தொடங்குகிறது. இந்தக் கட்டம் பெரும்பாலும் 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். குழாய்களுக்குள் திரவம் குறையும்போது இதயம் வேகமாக அடிக்கும். குருதிக் குழாய்கள் இறுகும். அதனால் அமுக்கத்தின் மேல் எண் சிறிது காலம் தாக்குப்பிடிக்க, கீழ் எண் உயர்ந்து இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் சுருங்குகிறது. உங்கள் நோயாளிக்கு மாலையில் 30 ஆக இருந்த அந்த வித்தியாசம் இரவில் 18 ஆகிவிட்டது. 20 அல்லது அதற்குக் கீழே வந்தால், மேல் எண் எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் அதிர்ச்சி தொடங்கிவிட்டது என்றே கொள்ள வேண்டும். இந்த நோயாளர்கள் கடைசி வரை தெளிவாகப் பேசுவார்கள், எழுந்து நடக்கவும் முயல்வார்கள். "சுகம்" என்ற சொல்லை மட்டும் நம்பி விடுதியைச் சுற்றி வருவது அதனாலேயே பயங்கரமானது.

பிரித்தானியாவின் அரச மருத்துவர் கல்லூரி 2012இல் அறிமுகப்படுத்தி 2017இல் திருத்திய, நோயாளி மோசமாவதை அவதானிப்பு எண்களைக் கொண்டு காட்டும் முன்னெச்சரிக்கைப் புள்ளி முறையில் (NEWS) இதே எண்களைப் போட்டுப் பாருங்கள். மாலையில் அமுக்கத்துக்கு 1 புள்ளி மட்டும். இரவில் சுவாசம் 22க்கு 2, அமுக்கம் 100க்கு 2, நாடி 112க்கு 2, ஆக மொத்தம் 6. ஐந்தைத் தொட்டாலே வைத்தியர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும். ஏழைத் தொட்டால் அது உயிராபத்து நிலை. இந்த முறையில் அமுக்க வித்தியாசத்துக்குப் புள்ளியே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். டெங்கு விடுதியில் அதை நீங்களே தனியாகக் கழித்து எழுத வேண்டும்.

சுவாச வீதத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன். நான் பார்த்த பல அவதானிப்புத் தாள்களில் சுவாசத்துக்குரிய நிரை முழுவதும் 20, 20, 20 என்றே நிரப்பப்பட்டிருக்கும். உண்மையாகவே எண்ணியவர் கையில் அப்படி ஒரே எண் வராது. நாடி பார்ப்பவர் போல மணிக்கட்டைப் பிடித்தபடி, நோயாளிக்குச் சொல்லாமல், நெஞ்சோ வயிறோ எழுந்து தாழ்வதை முழுமையாக 60 வினாடி எண்ணுங்கள். விரலில் மாட்டும் கருவி ஒட்சிசனைக் காட்டுமே தவிர, மூச்சு வாங்குவதற்கு அந்த மனிதர் படும் பாட்டைக் காட்டாது. உங்கள் நோயாளிக்கு 97 சதவீதம் இருந்தபோதே மூச்சு 22 ஆகிவிட்டது. அதே ஒரு நிமிடத்தில் அவரது கை குளிர்ந்திருக்கிறதா என்பதும் உங்கள் விரலுக்குத் தெரியும். நகத்தை ஐந்து வினாடி அழுத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் செம்மை திரும்ப வேண்டும்.

சிறுநீரும் திரவக் கணக்கும் இன்னொரு பாதி. 50 கிலோ எடையுள்ளவர் மணித்தியாலத்துக்கு ஆகக் குறைந்தது 25 மில்லிலீற்றர் சிறுநீர் கழிக்க வேண்டும். நான்கு மணித்தியாலத்தில் 100க்குக் குறைந்தால் சொல்லியாக வேண்டும். மறுபுறம், அதே எடையுள்ளவருக்கு ஆபத்தான கட்டம் முழுவதற்கும் இலங்கையில் கணக்கிடும் திரவ அளவு 4,600 மில்லிலீற்றர், வாயால் குடிப்பதும் சேலைனும் சேர்த்து. வீட்டார் அன்போடு கொண்டுவரும் இளநீர், பிளாஸ்க் கோப்பி, பப்பாளி இலைச் சாறு எல்லாமே இந்தக் கணக்குக்குள் வர வேண்டும். கட்டிலருகில் அளவு போட்ட போத்தல் ஒன்றை வைத்து, "அம்மா, இவர் குடிக்கிற எல்லாத்தையும் இதாலை அளந்து எனக்குச் சொல்லுங்கோ" என்று கேட்டால் பெரும்பாலானோர் மனமுவந்து செய்வார்கள். அளவு மீறிய திரவம் நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்து வேறொரு ஆபத்தைக் கொண்டுவரும்.

வைத்தியர் வரும்வரை செய்ய வேண்டியவை: தட்டையாகப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள், மூச்சு முட்டுபவரானால் உயர்த்தி இருத்துங்கள். கனூலா (நாளத்தில் ஏற்றியிருக்கும் சிறு குழாய்) வேலை செய்கிறதா என்று பாருங்கள், குருதிச் சீனியை அளவிடுங்கள், பி.சி.வி. (குருதியில் செங்கலங்களின் பங்கு) பார்க்க ஆயத்தமாக இருங்கள், 15 நிமிடத்துக்கு ஒருமுறை அவதானியுங்கள். தசை ஊசியும், பரசிற்றமோல் தவிர்ந்த வலிநிவாரணிகளும் வேண்டாம்.

மழைக்காலத்தில் எல்லாக் காய்ச்சலும் டெங்கு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்ததை நாம் கண்டோம். வயலில் இறங்கியவரா, கெண்டைக்கால் வலிக்கிறதா, கண் சிவந்தோ மஞ்சளாகவோ இருக்கிறதா என்று கேட்டும் பார்த்தும் எழுதுங்கள். கிருமித்தாக்கத்தால் வரும் அதிர்ச்சியில் தொடக்கத்தில் கை சூடாகவே இருக்கலாம் என்பதால், சூடான கையை வைத்து ஆறுதல் கொள்ளக் கூடாது.

தொலைபேசியில் "நோயாளி கொஞ்சம் சரியில்லை" என்று சொன்னால், நித்திரையில் இருந்து எழும் வைத்தியருக்கு அதிலிருந்து எதுவும் விளங்காது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "டொக்டர், 12ஆம் கட்டில், டெங்கு ஐந்தாம் நாள், காய்ச்சல் விட்டிட்டுது. 6 மணிக்கு நாடி 88, இப்ப 112. அமுக்கம் 100/82, வித்தியாசம் 18. மூச்சு 22. சலம் குறைவு. அதிர்ச்சி தொடங்குது எண்டு நினைக்கிறன், உடனை வந்து பாருங்கோ." அழைத்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள். அரை மணித்தியாலத்துக்குள் எவரும் வரவில்லையானால், அல்லது அதற்குள் எண்கள் இன்னும் மோசமானால், அவருக்கு மேலுள்ள வைத்தியரை அழைப்பதற்கு நீங்கள் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.