விற்கும் முன் வீட்டைப் புதுப்பித்தால் வங்கி மதிப்பீட்டில் விலை கூடுமா?

மாடுலர் கிச்சன், புது பாத்ரூம், ஃபால்ஸ் சீலிங் எல்லாம் செய்துவிட்டு விற்றால் போட்ட பணம் மதிப்பீட்டில் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பா அம்மா இருந்த பழைய வீடாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். என் அனுபவத்தில் வராது. ஆனால் வாங்க வருபவர்கள் அதற்குத்தான் மயங்குவார்கள்.

திருச்சியில் 1998-இல் அப்பா கட்டிய வீடு. 1200 சதுர அடி மனை, கீழே 900 சதுர அடி கட்டடம். பிறகு மாடியில் ஓர் அறை போட்டோம், அதற்கு பிளான் அப்ரூவல் வாங்கவில்லை. அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு எட்டு மாதம் விற்கப் பார்த்தோம். வந்தவர்கள் கறை பிடித்த பாத்ரூமைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அறுபது லட்சத்துக்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. என் பி.எஃப். பணத்தில் ஒன்பது லட்சம் போட்டு வயரிங், இரண்டு பாத்ரூம், சமையலறை, ஃபால்ஸ் சீலிங் எல்லாம் செய்தேன். மூன்றாவதாக வந்த குடும்பம் எழுபதுக்குச் சம்மதித்தது. அந்த அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை.

அப்புறம் அவர்கள் லோன் கேட்ட வங்கியிலிருந்து வேல்யூவர் வந்தார். டேப் பிடித்து அளந்தார், அப்ரூவ்டு பிளானைக் கேட்டார், கட்டிய வருஷத்தைக் கேட்டார். சீலிங்கை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் போட்ட கணக்கு இது: மனை சதுர அடி 4,200 வீதம் 50.4 லட்சம். கட்டடத்தை இன்று புதிதாகக் கட்டினால் சதுர அடிக்கு 1,800, ஆக 16.2 லட்சம். ஆயுள் 60 வருஷம், ஓடியது 24, கடைசியில் மிஞ்சுவது பத்து சதவீதம் என்று வைத்து, மீதி 90 சதவீதத்தில் 60-க்கு 24 பங்கு, அதாவது 36 சதவீதத் தேய்மானம் கழித்தால் 10.37 லட்சம். மொத்தம் 61-ஐத் தொடவில்லை. மாடி அறைக்கு ஒரு ரூபாய் இல்லை.

வங்கி 80 சதவீதம்தான் கொடுக்கும், அதுவும் அவர் போட்ட மதிப்பில். 56 லட்சம் எதிர்பார்த்தவர்களுக்கு 48.6 தான் கிடைத்தது. மீதியைப் புரட்ட முடியாமல் தவித்தார்கள். கடைசியில் 67-க்கு முடித்தோம்.

"வங்கிக்கு வங்கி மாறும், உள் வேலைக்கும் மதிப்பு போடுவார்கள்" என்று யாராவது சொல்ல வரலாம். மாறும்தான், நான் இன்ஜினியர் இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். செலவு வீண் என்றும் நான் சொல்லவில்லை. அறுபதில் நின்ற வீடு 67-க்குப் போனதே அதனால்தான். பில்களை வைத்திருந்ததால், விற்ற லாபத்துக்குக் கட்டும் மூலதன ஆதாய வரிக் கணக்கிலும் பலன் கிடைத்தது.

எனக்கு ஆறாதது வேறு. பங்கு பிரிக்கும்போது என் ஒன்பது லட்சத்தை முதலில் எடுத்துவிடலாம் என்றேன். தம்பி அந்த மதிப்பீட்டு அறிக்கையை நீட்டி, "கட்டடமே பத்து லட்சம்தான்க்கா, நீ போட்டது இதில எங்க இருக்கு?" என்றான். சித்தப்பாவோ, "உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்கிறார். அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் எழுதவில்லை. அதில் மகளுக்குச் சம பங்கு 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அது தானமில்லை. ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தது யார் என்று சித்தப்பாவுக்கும் தெரியும்.

டைல்ஸ் கடைக்குப் போகும் முன் அப்ரூவ்டு பிளானையும் வீட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிளானில் இல்லாத கட்டடம் இருந்தால் அதை வரன்முறைப்படுத்த முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். பணம் குறைவாக இருந்தால் சீலிங்கை விட்டுவிட்டு பாத்ரூமையும் சமையலறையையும் மட்டும் செய்யுங்கள். வீடு இன்னும் அப்பா பெயரில் இருந்து, உடன்பிறந்தவர்களும் இருந்தால், செலவு யாருடையது, விற்றதும் யார் முதலில் எடுத்துக்கொள்வது என்று ஒரு தாளில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகு கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.