வன்தட்டு இருக்கிறது, நிறுவல் நிரலுக்குத் தெரியவில்லை: சாட்டா சிக்கல்கள் குறித்த கேள்வி-பதில்

கேள்வி: மடிக்கணினியில் விண்டோஸ் 11 நிறுவ முயன்றேன். பயாஸில் (கணினி எழும் முன் திறக்கும் அமைப்புத் திரையில்) தட்டின் பெயர் தெரிகிறது. ஆனால் எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரையில் ஒன்றுமே இல்லை. தட்டு பழுதாகிவிட்டதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. பயாஸ் தட்டின் பெயரைப் படிக்கிறது என்றால் அதற்கு மின்சாரம் போகிறது, இணைப்பும் இருக்கிறது என்றுதான் பொருள். எனவே கடைக்கு எடுத்துச் செல்லும் முன், தட்டுக்கும் நிறுவல் நிரலுக்கும் நடுவில் இருக்கும் கன்ட்ரோலரைப் பார்க்க வேண்டும். இன்டெல் 11ஆம் தலைமுறைச் செயலிகளும் அவற்றுக்குப் பின் வந்தவையும் உள்ள பல கணினிகளில், தட்டுகள் நேரடியாக இல்லாமல் வி.எம்.டி. என்ற அமைப்பின் பின்னால் வைக்கப்படுகின்றன. அதற்கான டிரைவர் நிறுவல் பென் டிரைவில் இல்லாவிட்டால் தட்டு இல்லாததுபோலவே திரை காட்டும். பழைய கணினிகளில் சாட்டா (தட்டை மதர்போர்டுடன் இணைக்கும் வழி) பயன்முறை 'ரெய்டு' (பல தட்டுகளை ஒன்றாக இணைத்து ஆளும் முறை) என்று இருக்கும்போதும் இதே நிலை ஏற்படுவதுண்டு.

உங்கள் மாடலுக்குரிய இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி, விரித்து, அதே பென் டிரைவில் ஒரு ஃபோல்டராகப் போட்டுக்கொள்ளுங்கள். பலர் இடறும் இடம் இதுதான்: இரட்டைக் கிளிக் செய்து நிறுவும் கோப்பு இங்கே பயன்படாது, 'ஐ.என்.எஃப்.' வகைக் கோப்பு வெளியே தெரியும்படி விரித்திருக்க வேண்டும். பிறகு அந்த வெற்றுத் திரையிலேயே உள்ள 'லோட் டிரைவர்' வழியாக அந்த ஃபோல்டரைக் காட்டினால், சில நொடிகளில் தட்டு வரிசையில் வந்துவிடும்.

பயாஸில் வி.எம்.டி.யை அணைத்துவிடுவது இன்னொரு வழி. ஏசர் மடிக்கணினிகள் சிலவற்றில் 'மெயின்' பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால்தான் அந்தத் தேர்வே கண்ணில் படும். ஆனால் தட்டில் ஏற்கெனவே விண்டோஸ் இருந்து, அது உங்களுக்குத் தேவை என்றால், முன்னேற்பாடு இல்லாமல் இதைத் தொடாதீர்கள். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: விண்டோஸ் 10 உள்ள கணினியில் உபுண்டுவும் சேர்த்து நிறுவ விரும்புகிறேன். ஆர்.எஸ்.டி.யை (இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ்) அணைக்கச் சொல்லி உபுண்டு நின்றுவிடுகிறது. பயாஸில் ஏ.எச்.சி.ஐ. (ரெய்டு இல்லாத வழக்கமான சாட்டா பயன்முறை) என்று மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நிற்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்ள முடியுமா?

பதில்: முடியும், எதையும் அழிக்கவும் வேண்டியதில்லை. விண்டோஸ் நிறுவப்பட்டபோது எந்தப் பயன்முறை இருந்ததோ அதற்கான டிரைவரை மட்டுமே தொடக்கத்தில் ஏற்றும்படி தன்னை அமைத்துக்கொள்கிறது. மற்ற டிரைவர் உள்ளே இருந்தாலும் உறங்கிக்கொண்டிருக்கும். பயன்முறையைத் திடீரென மாற்றினால், தான் குடியிருக்கும் தட்டையே அதனால் அணுக முடியாமல் போகிறது. சேஃப் மோடில் (விண்டோஸ் அடிப்படைத் தேவைகளுடன் மட்டும் எழும் முறை) தொடங்கும்போது இந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. அதைத்தான் நாம் பயன்படுத்திக்கொள்ளப் போகிறோம்.

முதலில் பயாஸைப் பழையபடி மாற்றி விண்டோஸுக்குள் செல்லுங்கள். பிட்லாக்கர் (தட்டின் தரவைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இயங்குகிறதா என்று பார்த்து, இயங்கினால் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைப்பதும் அவசியம், ஏனெனில் அந்தச் சாவி இல்லாமல் பூட்டப்பட்ட தட்டை யாராலும் திறந்து தர முடியாது. சேஃப் மோடில் பின் எண் ஏற்கப்படாமல் போகலாம் என்பதால் கணக்கின் கடவுச்சொல்லும் நினைவில் இருக்கட்டும். அடுத்து 'எம்.எஸ்.கான்ஃபிக்' திறந்து, 'பூட்' பகுதியில் 'சேஃப் பூட்' என்பதைத் தேர்ந்து மறுதொடக்கம் செய்யுங்கள். விண்டோஸ் எழும் முன்பே பயாஸுக்குள் நுழைந்து ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்றிச் சேமியுங்கள். சேஃப் மோடில் விண்டோஸ் எழுந்ததும் அந்தத் தேர்வை நீக்கி மீண்டும் தொடங்கினால் வழக்கமான திரை வந்துவிடும், உபுண்டுவும் தட்டைக் கண்டுகொள்ளும். இரண்டு தட்டுகளை உண்மையிலேயே ரெய்டாக இணைத்திருப்பவர்கள் மட்டும் இதைச் செய்யக் கூடாது.

கேள்வி: "தேர்ந்தெடுத்த தட்டில் எம்.பி.ஆர். அட்டவணை உள்ளது" என்று கூறி விண்டோஸ் நிறுவ மறுக்கிறது.

பதில்: பென் டிரைவ் யூ.ஈ.எஃப்.ஐ. (பயாஸின் புதிய வடிவம்) முறையில் தொடங்கியிருக்கிறது, தட்டோ பழைய எம்.பி.ஆர். என்ற பிரிவு அட்டவணை முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. தட்டில் தேவையானது எதுவும் இல்லையென்றால், எல்லாப் பார்ட்டிஷன்களையும் நீக்கி, காலி இடத்தைத் தேர்ந்து தொடர்ந்தாலே நிறுவல் நிரல் ஜி.பி.டி.யாக (புதிய பிரிவு அட்டவணை முறை) அமைத்துக்கொள்ளும். ஏற்கெனவே விண்டோஸ் 10 உள்ள தட்டு என்றால், 2017இல் 1703 பதிப்புடன் வந்த 'எம்.பி.ஆர்.2ஜி.பி.டி.' என்ற கருவி தரவை அழிக்காமல் மாற்றித் தரும். ஆனாலும் பிரதி எடுக்காமல் தொடங்காதீர்கள். டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில், தட்டின் பிரிவுகளை எல்லாம் நீக்கிவிடும் 'கிளீன்' கட்டளை கொடுக்கும் முன் தட்டின் எண்ணையும் கொள்ளளவையும் இருமுறை சரிபாருங்கள். 4 டி.பி. தட்டில் ஏறக்குறைய 2 டி.பி. மட்டுமே பயன்படுகிறது என்று எழுதியிருந்த வாசகருக்கும் இதுவே பதில்: எம்.பி.ஆர். அதற்கு மேல் எண்ணாது.

கேள்வி: எம்.2 எஸ்.எஸ்.டி. (மதர்போர்டிலேயே செருகும் சிறிய தட்டு) ஒன்றைப் பொருத்தியதும் பழைய சாட்டா வன்தட்டு காணாமல் போய்விட்டது.

பதில்: பல மதர்போர்டுகளில் எம்.2 இடமும் ஒரு சாட்டா போர்ட்டும் ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. கையேட்டில் எந்தப் போர்ட் முடக்கப்படும் என்று அச்சிட்டிருப்பார்கள். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் போதும்.

கேள்வி: பழைய கணக்கு மென்பொருளுக்காக எக்ஸ்பி நிறுவ வேண்டியிருக்கிறது. நிறுவல் தொடங்கியதும் 7பி என்று முடியும் பிழையுடன் நீலத் திரை வருகிறது.

பதில்: 2001இல் வந்த எக்ஸ்பியின் குறுந்தகட்டில் ஏ.எச்.சி.ஐ. டிரைவர் கிடையாது. அன்று எஃப்6 அழுத்தி ஃபிளாப்பியிலிருந்து டிரைவர் ஏற்றினோம். இன்று எளிய வழி, அந்தத் தேர்வு பயாஸில் இருந்தால், சாட்டா பயன்முறையை எக்ஸ்பிக்குத் தெரிந்த பழைய 'ஐ.டி.ஈ.' என்று மாற்றுவதுதான். எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டதால், அந்தக் கணினியை இணையத்தில் இணைக்காதீர்கள்.

கேள்வி: நிறுவல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில், கோப்பைப் படிக்க முடியவில்லை என்று நிற்கிறது. பென் டிரைவை மாற்றியும் பயனில்லை.

பதில்: இடம் மாறி மாறி நிற்கிறது என்பதே நல்ல தடயம். ரேமைச் சோதித்துவிட்டு, சாட்டா கேபிளைக் கையில் எடுங்கள். சென்ற ஆண்டு இதே குறையுடன் என்னிடம் வந்த ஒரு கணினியைத் திறந்தபோது, சிவப்புக் கேபிள் பக்கவாட்டு மூடியில் மோதி கூராக மடிந்திருந்தது. அதன் முனையில் பூட்டும் உலோக நாக்கும் இல்லை. விரலால் தொட்டாலே இணைப்பு ஆடியது. நாக்குள்ள புதிய கேபிள் போட்டதும் நிறுவல் ஒரே மூச்சில் முடிந்தது.

ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. உபுண்டு பென் டிரைவிலிருந்து தொடங்கி, 'டிஸ்க்ஸ்' செயலியில் ஸ்மார்ட் விவரங்களை (தட்டு தன் நிலையைப் பற்றித் தானே பதிந்துவைக்கும் எண்கள்) பாருங்கள். 199ஆம் வரிசையில் உள்ள சி.ஆர்.சி. பிழை (தரவு கேபிள் வழி போகும்போது சிதைவது) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், கோளாறு பெரும்பாலும் கேபிளிலோ போர்ட்டிலோ இருக்கிறது. கேபிள் மாற்றிய பின்னும் அந்த எண் குறையாது, அது மேலும் கூடுகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். மாறாக 5ஆம் வரிசையிலும் 197ஆம் வரிசையிலும் எண்கள் ஏறியிருந்தால் தட்டின் பரப்பே கெட்டுவருகிறது. அப்படியானால் நிறுவல் முயற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு, படங்களையும் ஆவணங்களையும் முதலில் வேறு தட்டுக்கு நகலெடுங்கள். ஒவ்வொரு மறுமுயற்சியும் அந்தத் தட்டில் மிஞ்சியிருப்பதையும் பறித்துவிடக்கூடும்.